இலக்கணம் சரி, இடம் பொருள் ஏவல் எங்கே?

வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. ஆங்கிலப் பரீட்சைகளில் தப்பில்லாமல் பேசினாலும் 'பேசத் தெரியவில்லை' என்று மார்க் குறைகிறதே, அதை எதை வைத்து அளக்கிறார்கள்? பிராக்மேட்டிக் காம்பிடன்ஸ் என்று கோச்சிங் சென்டர் நோட்டீஸிலேயே போடத் தொடங்கிவிட்டார்கள். வேறொன்றும் இல்லை, நாம் இடம் பொருள் ஏவல் என்கிறோமே, அதுதான். பலர் பெயர் வேண்டாம் என்று எழுதியிருந்ததால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

கேள்வி: தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். இங்கிலாந்து வேலைக்காக ஓஇடி என்கிற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வை எழுதப் போகிறேன். மாதிரித் தேர்வில் 'கிராமரில் குறை இல்லை, ஆனால் நோயாளியோடு ஒட்டவே இல்லை' என்று சொல்லி ஸ்பீக்கிங் மார்க்கைக் குறைத்துவிட்டார்கள். வார்டில் நோயாளிகள் என்னைத்தான் தேடுவார்கள். எனக்கா ஒட்டத் தெரியாது?
– வாசகி, வில்லியனூர்

பதில்: உங்களுக்குத் தெரியும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டி ஊசிக்குப் பயந்து கையை இழுத்துக்கொள்கிறார் என்று வையுங்கள். 'ஆயா, ஒண்ணும் ஆவாது, கையக் குடு ஆயா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்' என்பீர்கள். கையைக் குடு என்பது அப்பட்டமான கட்டளைதான், ஆனால் முன்னாலும் பின்னாலும் நிற்கிற ஆயா அதன் முனையை மழுக்கிவிடுகிறது. இதையே ஆங்கிலத்தில் சொல்லும்போது ஆயா கழன்று போய்விடும். மிச்சம் இருப்பது 'நத்திங் வில் ஹாப்பன், கிவ் யுவர் ஹேண்ட்.' கிராமர் சுத்தம். கேட்பவருக்கு மட்டும் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிற மாதிரி இருக்கும்.

ஆக, முறை சொல்லிக் கூப்பிட்டே நாம் செய்துவிடுகிற வேலையை ஆங்கிலத்தில் வாக்கியத்தின் கட்டுமானத்தை வைத்துச் செய்ய வேண்டியிருக்கிறது. அது உங்களுக்கு வருகிறதா என்று பார்ப்பதற்காகத்தான் அந்தத் தேர்வில் ரோல்-பிளே, அதாவது நடித்துப் பேசுகிற பகுதி, வைத்திருக்கிறார்கள். மொத்தம் இரண்டு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5 நிமிடம், அதற்கு முன்னால் கார்டைப் படித்துத் தயாராக 3 நிமிடம். உங்கள் கையில் இருக்கும் கார்டில் உங்கள் வேலை இருக்கும், எதிரே நோயாளியாக நடிப்பவரிடம் வேறொரு கார்டு இருக்கும், அதை நீங்கள் பார்க்க முடியாது, அவருக்கு என்ன பயம், எதற்குத் தயங்குகிறார் என்பதெல்லாம் அதில்தான் ஒளிந்திருக்கும். அவர் மார்க் போடுவதும் இல்லை. பதிவு செய்து அனுப்புகிறார்கள், வேறொருவர் கேட்டுப் போடுகிறார்.

மார்க் இரண்டு பகுதியாக விழும். மொழிப் பகுதியில் உச்சரிப்புத் தெளிவு, சரளம், பொருத்தமான பேச்சு, இலக்கணமும் சொல்வளமும் என்று நான்கு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை. 2018-ல் சேர்த்த இரண்டாவது பகுதியில் நோயாளியோடு உறவை உண்டாக்குவது, அவர் பார்வையைப் புரிந்துகொள்வது, பேச்சை ஒழுங்காக நடத்துவது, விவரம் கேட்டு வாங்குவது, விவரம் சொல்வது என்று ஐந்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3. உங்களைக் கவிழ்த்தது இந்த இரண்டாவது பகுதிதான்.

நம் ஊர் நர்ஸ்களிடம் நான் அதிகம் பார்ப்பது அவசர ஆறுதல். நோயாளி 'எனக்கு இன்றைக்கே வீட்டுக்குப் போகணும்' என்று ஆரம்பிப்பதற்குள் 'டோண்ட் வொரி, யூ வில் பி ஆல்ரைட்' வந்து விழுந்துவிடும். வார்டில் இதைச் சொல்லிவிட்டுத் தோளில் கை வைத்தால் போதும். பதிவில் கை கேட்காதே! அதோடு, எதற்குக் கவலைப்படுகிறார் என்று கேட்காமலே கவலைப்படாதே என்று சொன்னால், வாயை அடைத்த மாதிரிதான் ஆகும். 'யூ சவுண்ட் வொரீட். வாட்ஸ் மேக்கிங் யூ வான்ட் டு கோ ஹோம் டுடே?' என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள். அந்த நிறுத்தம் முக்கியம். அவர் 'வீட்டில் கணவருக்குப் பார்வை இல்லை, தனியாக இருக்கிறார்' என்று சொன்னால் உங்களுக்கு வேலை பாதி முடிந்தது, ஏனென்றால் இனிமேல் நீங்கள் அறுவை சிகிச்சைப் புண்ணைப் பற்றி மட்டும் பேசினால் அவர் கேட்க மாட்டார், கணவரைப் பற்றியும் பேசினால் கேட்பார்.

இன்னொன்று, விவரம் சொல்லும்போது கொட்டாதீர்கள். அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று முதலில் கேட்டு, கொஞ்சம் சொல்லி, புரிந்ததா என்று பார்த்து, அப்புறம் மேலே போங்கள். மருந்தின் பக்கவிளைவு ஐந்தையும் ஒரே மூச்சில் ஒப்பித்தால் ஃப்ளூயன்சிக்கு ஏதாவது கிடைக்கலாம், மற்றதில் போய்விடும்.

கேள்வி: வெளிநாடு போக எழுதுகிற ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் மரியாதையாகப் பேசுவதற்குத் தனி மார்க் உண்டா? என் நண்பன் எக்ஸாமினரை ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'சார்' போட்டுப் பேசினானாம்.
– வாசகர், நெய்வேலி

பதில்: தனி மார்க் கிடையாது. ஸ்பீக்கிங்கில் சரளமும் தொடர்ச்சியும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்று நான்குதான். சார் போட்டதால் கூடவும் கூடாது, குறையவும் குறையாது, மூச்சுதான் வீண்.

ஆனால் உங்கள் கேள்விக்குப் பின்னால் இன்னொரு விஷயம் இருக்கிறது. அந்த 11 முதல் 14 நிமிடத்தில் யார் யாரைக் கேட்கிறார்கள் என்று கவனித்தால், எக்ஸாமினர் கேட்கிறார், நீங்கள் பதில் சொல்கிறீர்கள், கடைசி வரை அதுவேதான். உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள், ஒரு நிமிடம் யோசித்துவிட்டு இரண்டு நிமிடம் பேசுங்கள், அப்புறம் அதைப் பற்றியே கொஞ்சம் ஆழமாக. நீங்கள் அவரிடம் ஒரு உதவி கேட்பதில்லை, மன்னிப்புக் கேட்பதில்லை, அவர் சொன்னதை மறுப்பதில்லை, அவர் கூப்பிட்ட விருந்துக்கு வர முடியாது என்று சொல்வதில்லை. வெளிநாட்டில் போய் இறங்கினால் முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியது இதெல்லாம்தான்: வீட்டு ஓனரிடம் ஹீட்டர் ஓடவில்லை என்று சொல்வது, மேலதிகாரியிடம் ஷிஃப்ட் மாற்றிக் கேட்பது. அதைச் சோதிக்காமலே 9-க்கு 7 பேண்ட் மார்க் கொடுத்து அனுப்ப முடிகிறது என்பதுதான் எனக்கு இந்தத் தேர்வின் மேல் இருக்கிற பெரிய குறை.

இதிலேயே வேலைக்கும் குடியேறவும் போகிறவர்களுக்கான ஜெனரல் டிரெயினிங் பிரிவை எழுதுபவர்களுக்கு மட்டும் ஒரு சின்ன வாசல் உண்டு. ரைட்டிங்கில் முதல் கேள்வி கடிதம், 150 வார்த்தை. அது நண்பனுக்கா, அலுவலகத்துக்கா என்று பார்த்துத் தொனியை மாற்றவில்லை என்றால் மார்க் குறையும். டோஃபல் என்கிற இன்னொரு ஆங்கிலத் தேர்வு வேறு வழியில் போனது, 2005-ல் இணையவழித் தேர்வாக மாறியபோது லிசனிங்கில் 'பேராசிரியர் இதை எதற்காகச் சொன்னார்' என்கிற மாதிரிக் கேள்விகளை வைத்தார்கள். பிறர் பேச்சின் உள்நோக்கம் புரிகிறதா என்று பார்க்கலாம், சரி, தன் வாயால் அதைச் செய்ய வருமா என்பதற்கு அதில் பதில் இல்லை.

கேள்வி: நாங்கள் கல்லூரியில் 300 பேருக்குத் தேர்வு வைக்கிறோம். ஆளுக்கு ஒரு ரோல்-பிளே நடக்கிற காரியமில்லை. பேப்பரிலேயே, அதுவும் நாலு விடை கொடுத்து டிக் அடிக்கச் சொல்லி, இதைச் சோதிக்க முடியாதா?
– ஆங்கில ஆசிரியர், சிதம்பரம்

பதில்: முயன்றிருக்கிறார்கள், 40 வருஷத்துக்கு மேலாக. சூழ்நிலையை நாலு வரியில் சொல்லிவிட்டு 'நீங்கள் என்ன சொல்வீர்கள்?' என்று கோடு போட்டு விடுவது. டிஸ்கோர்ஸ் கம்ப்ளீஷன் டெஸ்ட் என்று பெயர். ஷோஷனா பிளம்-குல்கா 1982-ல் ஹீப்ரு கற்பவர்களை ஆராய இதைக் கையாண்டார், அப்புறம் பல மொழிக்காரர்கள் எப்படி ஒன்றைக் கேட்கிறார்கள், எப்படி மன்னிப்புக் கோருகிறார்கள் என்று ஒப்பிட்ட பெரிய ஆய்வு 1989-ல் புத்தகமாக வந்தபோது எல்லாருக்கும் பழக்கமாகிவிட்டது. இதைப் பரீட்சையாக்க முடியுமா என்று முறையாகப் பார்த்தவர்கள் ஹவாய் பல்கலைக்கழகத்தின் ஹட்சன், டெட்மர், பிரவுன் மூவரும்தான், 1992-லும் 1995-லும். ஜப்பானிய மாணவர்களை மனதில் வைத்து ஆறு கருவி செய்தார்கள்: எழுதி நிரப்புவது, விடை தேர்ந்தெடுப்பது, வாயால் சொல்லிப் பதிவு செய்வது, நடித்துக் காட்டுவது, இரண்டு விதமாகத் தனக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்வது. பிறகு அவற்றை எடுத்துப் பயன்படுத்தியவர்கள் கையில் அதிகம் சறுக்கியது எது தெரியுமா? நீங்கள் கேட்கிற அந்த டிக் அடிக்கிற வகைதான்.

ஏன் என்பதை உங்கள் கல்லூரியிலேயே பார்த்துவிடலாம். இப்படி ஒரு கேள்வி போடுங்கள். துறைத்தலைவரிடம் உங்கள் கட்டுரையைப் பார்க்கக் கொடுத்து இரண்டு வாரம் ஆகிவிட்டது, நாளை கடைசி நாள், அவர் பைக்கில் ஏறிக்கொண்டிருக்கிறார். அ: 'சார், டுமாரோ லாஸ்ட் டேட், ப்ளீஸ் கிவ்.' ஆ: 'சார், ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ ஹேட் டைம் டு லுக் அட் மை பேப்பர்.' இ: 'சாரி டு டிஸ்டர்ப் சார், ஐ நோ யூ ஆர் வெரி பிஸி, யூ ஆர் லைக் மை ஃபாதர், கைண்ட்லி ஹெல்ப்.' ஈ: இப்போது ஒன்றும் சொல்லாமல் வணக்கம் வைத்துவிட்டு, மறுநாள் காலையில் அவர் அறை வாசலில் நிற்பது.

விடைத்தாளில் ஆ என்று இருக்கும். ஆனால் ஸ்டாஃப் ரூமில் ஓட்டெடுத்தால் ஈ ஜெயித்துவிடும் என்று பந்தயம் கட்டுவேன், அதிலும் துறைத்தலைவர் யார் என்று தெரிந்தவர்கள் எல்லாரும் ஈ-தான் போடுவார்கள். இலக்கணக் கேள்வியில் தப்பான விடை எல்லாருக்கும் தப்பு. இங்கே தப்பு என்பது ஆளைப் பொறுத்தது, எனவே மற்ற மூன்றையும் சந்தேகமில்லாத தப்பாக எழுதவே முடிவதில்லை, அப்படியே எழுதினாலும் குழந்தைகூடக் கண்டுபிடிக்கிற அளவுக்கு அசட்டுத்தனமாகப் போய்விடுகிறது. சூழ்நிலைகளையும் விடைகளையும் ஆசிரியர் தலையிலிருந்து எடுக்காமல் மாணவர்கள் நிஜமாக எழுதித் தந்ததிலிருந்து எடுத்தால் கொஞ்சம் தேறும். 300 பேர் இருக்கிறார்களே, முதல் வருஷம் அவர்களிடமே எழுதி வாங்குங்கள்.

எழுதி நிரப்புகிற வகை இதைவிடப் பரவாயில்லை, ஆனால் அதற்கும் ஒரு குறை, பேச்சு ஒரே வரியில் முடிவதாக அது நினைத்துக்கொள்கிறது. யாராவது கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறார், உங்களால் போக முடியாது. நேரில் எப்படிச் சொல்வீர்கள்? முதலில் ஒரு இடைவெளி, அப்புறம் ஒரு 'அடடா', அன்றைக்கா என்று ஒரு கேள்வி, காரணம் பாதி, அதற்குள் அவரே 'பரவாயில்லை, ரிசப்ஷனுக்காவது வாங்க' என்று வழி விடுவார். இந்த ஆட்டத்தில் பாதி அவர் கையில் இருக்கிறது. ஆங்கிலத்திலும் அப்படித்தான், உடனே பட்டென்று நோ சொல்பவர் அபூர்வம், 'வெல்...' என்று இழுப்பதிலேயே எதிராளிக்குத் தெரிந்துவிடும். தாளில் அந்த இழுப்புக்கு இடமில்லை, யோசிக்க வேண்டிய மட்டும் நேரம் வேறு.

பேப்பரில் நன்றாகச் சோதிக்க முடிகிற பகுதியும் உண்டு. கார்ஸ்டன் ரோவர் 2005-ல் கணினியில் ஒரு தேர்வை வடிவமைத்தார், அதில் ஒரு பகுதி மறைபொருளைப் புரிந்துகொள்வது. 'ஞாயிற்றுக்கிழமை சில்வர் பீச் போகலாமா?' 'திங்கட்கிழமை எனக்கு செமஸ்டர்.' வருகிறானா, வரவில்லையா? இந்த மாதிரி. இன்னொரு பகுதி, அந்தந்த இடத்தில் வழக்கமாகச் சொல்கிற வாக்கியங்கள். மறைபொருள் புரிவது பொதுவான ஆங்கிலத் திறமையோடு சேர்ந்து வளர்கிறது, வழக்கமான வாக்கியங்களோ அந்த நாட்டில் போய் இருந்தவர்களுக்குத்தான் சட்டென்று வருகிறது என்று அவர் கண்டார். எனவே 300 பேருக்கு மறைபொருள் பகுதியைத் தாளில் வையுங்கள், தாராளமாக டிக் அடிக்கட்டும். சிதம்பரத்தைத் தாண்டாத பிள்ளையிடம் லண்டன் ரெஸ்டாரன்ட் வெயிட்டர் என்ன கேட்பார் என்று கேட்டு மார்க்கைக் குறைக்காதீர்கள்.

கேள்வி: ஒயிட் டவுனில் சின்ன கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறோம். காலையில் படியிறங்கி வந்த வெளிநாட்டு விருந்தாளியிடம் 'ஹேட் யுவர் பிரேக்ஃபாஸ்ட்?' என்று அன்பாகத்தான் கேட்டேன். அவர் முகம் மாறி, 'ஏன், அறை வாடகையில் அது சேராதா?' என்று பில்லைக் காட்டச் சொல்லிவிட்டார். நான் கேட்டதில் என்ன தப்பு?
– வாசகி, புதுச்சேரி

பதில்: ஒரு தப்பும் இல்லை. நீங்கள் வணக்கம் சொன்னீர்கள், அவர் விசாரணை என்று எடுத்துக்கொண்டார். 'குட் மார்னிங், டிட் யூ ஸ்லீப் வெல்?' என்று கேளுங்கள், அதற்குப் பில் தேவைப்படாது. ரூமில் கொசு இருந்தால் மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி: வெள்ளைக்காரன் மரியாதையை நாம் ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும்? 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' என்று எழுதித்தான் எங்கள் அப்பா தாலுகா ஆபீஸில் காரியம் சாதித்தார். அதைத் தப்பு என்று சொல்ல இவர்கள் யார்?
– வாசகர், பண்ருட்டி

பதில்: கேட்க வேண்டிய கேள்வி இதுதான். உங்கள் அப்பா எழுதியது தப்பே இல்லை, எழுதியவருக்கும் படித்தவருக்கும் அது மரியாதையாகத்தான் பட்டது, காரியமும் நடந்தது. அதற்கு மேல் என்ன வேண்டும்?

இதைப் பற்றிப் பேசும்போது எனக்குப் பிடித்த ஒரு தகவல். மரியாதையைப் பற்றி உலகம் முழுக்க மேற்கோள் காட்டுகிற கோட்பாடு பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவருடையது. 1978-ல் நீண்ட கட்டுரையாக வந்து 1987-ல் தனிப் புத்தகமானது. அவர்கள் எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் ஒன்று ஆங்கிலம், ஒன்று மெக்சிகோவின் ட்செல்டால், இன்னொன்று தமிழ். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துத் தமிழ்! ஆக, இடம் பொருள் ஏவல் என்பது அவர்களிடமிருந்து நாம் இறக்குமதி செய்கிற சரக்கு இல்லை, நம்மிடம் இருந்ததைப் பார்த்துத்தான் அவர்கள் பாதிப் பாடம் எழுதினார்கள்.

ஆனால் இங்கே இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஜென்னி தாமஸ் 1983-லேயே இதைப் பிரித்துக் காட்டிவிட்டார். ஒன்று, மனதில் மரியாதை இருக்கிறது, அதை அந்த மொழியில் எந்த வாக்கியத்தால் காட்டுவது என்று தெரியவில்லை. இது சொல்லிக்கொடுக்கக் கூடியது, மார்க்கும் போடலாம். இன்னொன்று, யாருக்கு எவ்வளவு மரியாதை, எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதிலேயே இரண்டு ஊருக்கும் கணக்கு வேறு. சம்பளம் எவ்வளவு என்று ரயிலில் பக்கத்து சீட்காரரிடம் கேட்பது நமக்குச் சாதாரணம், அவர்களுக்கு அத்துமீறல். இந்த இரண்டாவது, ஒருவருடைய நம்பிக்கை, வளர்ப்பு எல்லாம் சம்பந்தப்பட்டது, கிராமரைத் திருத்துகிற மாதிரி சிவப்பு மையால் திருத்தக் கூடாது என்றுதான் அவரும் எச்சரித்தார். எனக்கும் அதுதான் கருத்து.

எனவே பரீட்சை வைப்பவர் எந்த ஊருக்கான பரீட்சை என்று வெளிப்படையாகச் சொல்லட்டும். மேலே வில்லியனூர் வாசகி போவது இங்கிலாந்து வார்டுக்கு, அங்கே படுத்திருப்பவர் காதுக்கு எப்படிக் கேட்கும் என்று அளப்பது நியாயம். கடலூரில் இருக்கிற கம்பெனி ஒசூரில் இருக்கிற கம்பெனிக்கு மெயில் அனுப்புவதற்கு ஆள் எடுக்கும்போது, 'கைண்ட்லி' போட்டதற்காக ஒருவரைத் தள்ளினால் அது அநியாயம், அப்படித் தள்ளுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அவர்கள் எழுதுகிற மெயிலையும் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பையனை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்த்தோம். ப்ளீஸ், சாரி, தேங்க் யூ மூன்றும் நன்றாக வருகிறது. போதுமா?
– வாசகி, லாஸ்பேட்டை

பதில்: போதாது. 'ப்ளீஸ் ஷிஃப்ட் யுவர் பைக்' என்பது ப்ளீஸ் போட்ட உத்தரவு. 'குட் யூ மூவ் யுவர் பைக் அ லிட்டில்? ஐ கான்ட் கெட் அவுட்' என்றால் எதிராளிக்குக் காரணமும் தெரிகிறது, முடியாது என்று சொல்ல இடமும் கிடைக்கிறது. இந்த இரண்டும் வருகிறதா என்று பாருங்கள். மூன்று வார்த்தைக்கு இவ்வளவு ஃபீஸா என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: எங்கள் குடும்பத்துக்கு பிரெஞ்சுக் குடியுரிமை. பாரீஸில் வளர்ந்த பேத்தி லீவுக்கு வந்தால் என்னையும் வா, போ, தெருவில் இருக்கிற பெரியவர்களையும் வா, போ. கேட்டால் வீட்டில் எல்லாருக்கும் இப்படித்தான் என்கிறாள். பிரெஞ்சுப் பரீட்சையில் இதையெல்லாம் பார்ப்பார்களா?
– வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: ஆங்கிலப் பரீட்சைகளைவிட நன்றாகவே பார்ப்பார்கள். பிரெஞ்சில் நீ என்பதற்குத் தூ, நீங்கள் என்பதற்கு வூ என்று இரண்டும் இருப்பதால் வாயைத் திறந்த உடனேயே ஆளைத் தெரிந்துவிடும், ஆங்கிலத்தில் ஒரே யூ-வுக்குள் எல்லாரும் ஒளிந்துகொள்ளலாம். டெல்ஃப் என்கிற பிரெஞ்சு மொழித் தேர்வில் ஆரம்ப நிலையான ஏ1-லேயே கடையில் சாமான் வாங்குவது மாதிரி ஒரு நடிப்பு உரையாடல் உண்டு, நடுத்தர நிலையான பி1 வரை ஏதோ ஒரு வடிவில் அது தொடர்கிறது. எக்ஸாமினர்தான் கடைக்காரர், அவரைத் தூ போட்டுக் கூப்பிட்டால் கவனிக்காமல் விட மாட்டார். ஆங்கிலத்தில் ஆரம்ப நிலை மாணவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று தள்ளிப்போடுவார்கள், எனக்கு பிரெஞ்சுக்காரர் வழிதான் சரியாகப் படுகிறது.

பேத்தி விஷயம் வேறு. அவள் வீட்டில் எல்லாரையும் தூ போட்டுப் பழகியவள், பிரெஞ்சுக் குடும்பத்தில் தாத்தாவுக்கும் தூதானே. அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டாள். உங்களை வா, போ என்றே கூப்பிடட்டும், அழகாகத்தான் இருக்கும். தெருப் பெரியவர்களுக்கு மட்டும் 'ங்க' சேர்க்கச் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: இப்போது பிடிஇ மாதிரியான ஆங்கிலத் தேர்வுகளில் பெரும்பாலும் கணினியே மார்க் போடுகிறதாமே. ஏஐ வந்த பிறகு இந்த இடம் பொருள் ஏவலையும் அதுவே அளந்துவிடாதா?
– பொறியியல் மாணவர், கடலூர் முதுநகர்

பதில்: வேகம், உச்சரிப்பு, நிறுத்தம், சொல்வளம் இதையெல்லாம் கணினி சலிக்காமல் அளக்கும், ராத்திரி ஒன்பது மணிக்கு எழுபதாவது பதிவைக் கேட்கிற மனுஷனைவிட ஒழுங்காகவே அளக்கும். 'குட் யூ', 'வுட் யூ மைண்ட்' வருகிறதா என்று எண்ணவும் செய்யும். சிக்கல் அங்கேதான். கூடப் படிக்கிற நண்பனிடம் பேனா கேட்க 'ஐ வுட் பி எக்ஸ்ட்ரீம்லி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் கைண்ட்லி' என்று ஆரம்பித்தால் அவன் ஏதோ சண்டை என்று நினைப்பான், எண்ணுகிற கணினியோ முழு மார்க் போடும். பரீட்சையில் மார்க் வாங்க வேண்டுமென்றால் எல்லாரும் அந்த வாக்கியங்களை உருப்போட்டு எல்லா இடத்திலும் கொட்டுவார்கள். அதற்கும் முதுநகரிலேயே கோச்சிங் சென்டர் திறப்பார்கள்.

கேள்வி: அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு எடுக்கிறேன், 40 பிள்ளைகள். மேலிருந்து யாரும் கேட்கவில்லை, நானாக இதைச் சோதித்துப் பார்க்க ஆசைப்படுகிறேன். எங்கே ஆரம்பிப்பது?
– ஆங்கில ஆசிரியை, குறிஞ்சிப்பாடி

பதில்: யாரும் கேட்காதது நல்லதாகப் போயிற்று, ஃபார்மட் நிரப்ப வேண்டாம்.

ஒரே காரியத்தை வைத்துக்கொண்டு ஆளை மட்டும் மாற்றுங்கள். பிரவுனும் லெவின்சனும் மூன்றைப் பார்க்கச் சொல்கிறார்கள்: எதிராளிக்கு உன்மேல் எவ்வளவு அதிகாரம், எவ்வளவு பழக்கம், நீ கேட்பது எவ்வளவு பெரிய உதவி. சைக்கிள் இரவல் கேட்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து பெஞ்சு நண்பனிடம் ஒரு முறை, பேசிப் பழகாத பத்தாம் வகுப்பு அண்ணனிடம் ஒரு முறை, பி.டி. சாரிடம் ஒரு முறை. அப்புறம் காரியத்தைப் பெரிதாக்கி, அதே நண்பனிடம் மூன்று நாளைக்குக் கேட்கச் சொல்லுங்கள். மூன்று பேரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிற பிள்ளைக்கு இன்னும் வரவில்லை, ஆளுக்கு ஆள் மாற்ற முயல்கிற பிள்ளைக்கு, ஆங்கிலம் உடைந்திருந்தாலும், வந்துகொண்டிருக்கிறது. மார்க் அந்த மாற்றத்துக்குத்தான். 'கேன் யூ கிவ்வா', 'குட் யூ லெண்டா' என்று அங்கே சண்டை பிடிக்காதீர்கள், அதற்குத்தான் கிராமர் பேப்பர் தனியாக இருக்கிறதே.

இதைச் சொல்வது சுலபம், மார்க் போடுகிற நம் காதுதான் இலக்கணத் தப்பை விட்டுத்தராது. 1998-ல் பார்டோவி-ஹார்லிக், டோர்னியே என்ற இருவர் ஹங்கேரியிலும் அமெரிக்காவிலும் ஒரே காட்சிகளைப் போட்டுக் காட்டி எந்தத் தப்பு பெரிது என்று கேட்டார்கள். ஹங்கேரியில் இருந்த மாணவர்களும் ஆசிரியர்களும் இலக்கணத் தப்பைத்தான் பெரிதாக்கினார்கள், அமெரிக்காவில் இருந்து படித்தவர்கள் மரியாதைத் தப்பைப் பெரிதாக்கினார்கள். நாம் ஹங்கேரிக் கட்சி. தினமும் அந்த மொழியில் அடி வாங்காதவர்களுக்கு இலக்கணம்தான் கண்ணில் படும். எனவே மார்க் போட இன்னொரு ஆசிரியரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இருவரும் தனித்தனியாகப் போட்டு, பெரிய வித்தியாசம் வருகிற இடத்தில் மட்டும் நிறுத்திப் பேசுங்கள். நீங்கள் 4 போட்ட பிள்ளைக்கு அவர் 1 போட்டிருந்தால், பெரும்பாலும் 'பி.டி. சாரிடம் சைக்கிளே கேட்கக் கூடாது' என்று அவர் நினைத்திருப்பார். அது பிள்ளையின் ஆங்கிலத்தைப் பற்றிய மார்க் இல்லை.

நடிக்கிற இருவருக்கும் தனித்தனிச் சீட்டு கொடுங்கள், ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்கக் கூடாது. கொடுக்கிறவன் சீட்டில் 'சாயங்காலம் டியூஷன் போக எனக்கே சைக்கிள் வேண்டும்' என்று எழுதி வைத்தால் கேட்கிறவன் மனப்பாடம் செய்து வந்தது செல்லாது, அங்கேயே யோசித்தாக வேண்டும். ஒரு பீரியடில் 40 பேரும் முடியாது, வாரத்துக்கு நாலைந்து ஜோடி போதும், வருஷம் முழுக்க ஓடட்டும். ஒவ்வொரு ஜோடியும் பேசி முடித்ததும், நீங்கள் மார்க் சொல்வதற்கு முன்னால், கொடுக்கிறவனாக நடித்த பிள்ளையிடம் 'உனக்குக் கொடுக்கணும்னு தோணுச்சா?' என்று தமிழிலேயே கேட்டு, அவன் சொல்கிற பதிலையும் மார்க்குக்குப் பக்கத்தில் குறித்து வையுங்கள்.